வவுனியாவுக்குக் கிட்ட பிள்ளைகளோடு நடக்கக்கூடிய காட்டுப் பாதை இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மார்கழி விடுமுறையில் பிள்ளைகளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் கொஞ்சம் நடக்க ஆசை. வவுனியா நகரத்திலிருந்து ஓட்டோவில் போய் மத்தியானத்துக்குள் திரும்பக்கூடிய இடமாக இருந்தால் நல்லது. பாலை எது, வீரை எது, முதிரை எது என்று பிள்ளைகள் மரத்தைத் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும். எங்கட காட்டை அவர்கள் படத்தில் மட்டும் பார்த்து வளரக்கூடாது.

பெரிய பயம் யானைதான். மாரி மழையில் குளங்கள் வான் பாயும், ஒற்றையடிப் பாதையில் வெள்ளம் நிற்கும். மிதிவெடி அகற்றி முடித்த இடம் என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். சின்னவன் பாதையை விட்டு ஓடுவான்.

அண்மையில் நடந்தவர்கள் இடம் சொல்லுங்கோ. வனவளத் திணைக்களத்தில் அனுமதி எடுக்க வேண்டுமா? பிறகு, உண்ணி கடிக்காமல் இருக்கக் காலில் என்ன பூசுகிறீர்கள்?