விமான நிலையச் சோதனையாளர்களுக்குக் காவலர் பேட்ஜ் எதற்கு?

கணியன்:

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளையும் அவர்களுடைய பைகளையும் சோதிக்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (டி.எஸ்.ஏ.) ஊழியர்கள் காவலர்களைப் போல நீலச் சட்டையும் உலோகப் பேட்ஜும் அணிவது சரிதானா என்பதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன். சரியில்லை என்பதே என் கருத்து.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்பு இந்த வேலையை விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் செய்துவந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படிதான் டி.எஸ்.ஏ. உருவானது. தொடக்க ஆண்டுகளில் அதன் ஊழியர்கள் வெள்ளைச் சட்டை அணிந்தனர். பேட்ஜ் என்பது சட்டையில் தைத்த துணிச்சின்னமாக மட்டுமே இருந்தது. 2005இல் அவர்களுடைய பதவிப்பெயர் 'சோதனையாளர்' என்பதிலிருந்து 'அதிகாரி' என்று மாறியது. 2008இல் நீலச் சட்டையும், தோளில் பதவிநிலையைக் காட்டும் கோடுகளும், நெஞ்சில் உலோகப் பேட்ஜும் வந்தன. இவர்களிடம் துப்பாக்கி கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. சிக்கல் எழுந்தால் விமான நிலையக் காவலரைத்தான் அழைக்க வேண்டும். பயணிகள் இவர்களைக் கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்களாகத் தவறாக எண்ணிக்கொள்வார்கள் என்று அப்போதே காவல்துறையினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சட்டம் கொடுக்காத அதிகாரத்தைத் தையற்கடையிலிருந்து வாங்கிக்கொள்வது முறையாகாது.

மதுமிதா:

கணியன் அவர்களின் வரலாறு சரி, முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் உலோகப் பேட்ஜ் காவலர்களின் தனிச்சொத்து அன்று. தீயணைப்பு வீரர்கள் அணிகிறார்கள். தேசியப் பூங்காக்களில் வரலாறும் மரம் செடிகளும் விளக்கும், யாரையும் கைது செய்ய இயலாத ரேஞ்சர்களும் அணிகிறார்கள். அவர்களைப் பார்த்து எவரும் அஞ்சி நடுங்குவதில்லை.

விடியற்காலை விமானத்தைப் பிடிக்கத் தூக்கமில்லாமலும் எரிச்சலோடும் வந்து நிற்கும் கூட்டத்திடம் 2025 ஜூலை வரை காலணியைக் கழற்றச் சொல்லிவந்ததும், குழந்தையின் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பார்ப்பதும், ஸ்கேனரில் ஒலி வந்தால் அந்நியர் உடலைத் தடவிப் பார்ப்பதும் எவ்வளவு கடினமான வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வேலையைச் செய்பவர் அரசின் சார்பில் நிற்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொரு பயணியும் "நீ யார் என்னைக் கேட்பதற்கு?" என்றுதான் தொடங்குவார். உலோகப் பேட்ஜ் வாங்குவதற்கு முன், பயணிகளிடம் பேசும் முறை பற்றியும் பதற்றத்தைத் தணிக்கும் முறை பற்றியும் அந்த ஊழியர்கள் பயிற்சி முடிக்க வேண்டியிருந்தது என்பதையும் கணியன் சொல்லியிருக்கலாம்.

கணியன்:

பூங்கா ரேஞ்சர் என் சட்டைப்பைக்குள் கை விடுவதில்லை, மதுமிதா அவர்களே. தீயணைப்பு வீரரும் என் பெட்டியில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

இப்படிக் கேட்ட நிகழ்வு ஒன்று உண்டு. 2009 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில், ஓர் அரசியல் அமைப்பின் ஊழியர் தம் அமைப்பின் நிகழ்ச்சியில் திரண்ட சுமார் 4,700 டாலரை ஓர் உலோகப் பெட்டியில் எடுத்துவந்தார். பணத்தால் விமானத்தை வெடிக்கச் செய்ய முடியாது. ஆனாலும் அவரைத் தனி அறைக்கு அழைத்துச்சென்று, பணம் யாருடையது, எதற்காக என்றெல்லாம் துருவினார்கள். பதில் சொல்லும்படி சட்டம் என்னைக் கட்டாயப்படுத்துகிறதா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரான பதில் கிடைக்கவில்லை. இவை அனைத்தும் அவருடைய கைப்பேசியில் ஒலிப்பதிவாகிவிட்டதால்தான் உலகத்துக்குத் தெரியவந்தன. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் (ஏ.சி.எல்.யு.) அவருக்காக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டி.எஸ்.ஏ. தன் விதிகளைத் திருத்தி, போக்குவரத்துப் பாதுகாப்போடு தொடர்பில்லாத குற்றங்களுக்கான சான்று தேடி இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது.

காவலருக்குரிய உடையை ஒருவருக்கு மாட்டிவிட்டால், காவலருக்குரிய கேள்விகளும் அவர் வாயில் வந்துவிடுகின்றன என்பதே என் அச்சம். எதிரில் நிற்பவரும் அந்த உடையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிறார். செயின்ட் லூயிஸ் பயணியைப் போலத் துணிந்து திருப்பிக் கேட்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா?

செந்தாமரை:

நம் வீட்டுப் பெரியவர்களை எண்ணிப் பார்க்கிறேன். சென்னை விமான நிலையத்தில் சோதிப்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். 1999இல் ஐசி 814 விமானம் கடத்தப்பட்டதற்குப் பிறகு, 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக அந்தப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆயுதப்படை. அதன் சீருடைக்குப் பின்னால் உண்மையான அதிகாரம் இருக்கிறது. அங்கே பழகிய கண்ணோடு அமெரிக்காவில் வந்து இறங்கும் தாய்தந்தையர், முதலில் கருநீலச் சீருடையில் இருக்கும் குடிவரவு மற்றும் சுங்க அதிகாரியைச் சந்திக்கிறார்கள். அவர் துப்பாக்கி வைத்திருப்பவர், கைது செய்யக்கூடியவர், எதற்காக வந்தீர்கள் என்று கேட்கும் உரிமையும் உள்ளவர். அவருக்குப் பதில் சொல்லாவிட்டால் நாட்டுக்குள் நுழைவதே சிக்கலாகிவிடும். பிறகு உள்நாட்டு விமானத்துக்கு மாறும்போது, அதே கட்டடத்தில், இன்னொரு நீலச் சட்டையும் இன்னொரு பேட்ஜும் எதிரே நிற்கின்றன. இவர் ஆயுதமும் வெடிபொருளும் இருக்கின்றனவா என்று பார்க்க மட்டுமே வந்தவர். இந்த வேறுபாட்டை அறுபது வயதைத் தாண்டிய பயணிக்கு யார் விளக்கிச் சொல்வது? சட்டைகளின் நிறமாவது விளக்கியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் சோதனை செய்பவர்கள் அரசு ஊழியர்களே அல்லர், டி.எஸ்.ஏ.வின் மேற்பார்வையில் ஒரு தனியார் நிறுவனம் அந்தப் பணியைச் செய்கிறது. அவ்வழியே போய்வரும் நம்மவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

பரிதி:

இதுவரை பேசியவர்கள் தொடாத ஒரு பக்கம் உண்டு. அதைக் கேட்டால் கணியன் சற்றே சங்கடப்படுவார்.

நீதிபதியின் ஆணையில்லாமல் இந்தச் சோதனை நடப்பதற்கு நீதிமன்றங்கள் சொல்லும் காரணம், இது குற்றவாளியைத் தேடும் சோதனை அன்று, விமானத்தில் ஆபத்தான பொருள் ஏறாமல் தடுப்பதற்கான நிர்வாகச் சோதனை என்பதே. அந்த அளவில் கணியனின் வாதத்துக்கு அது துணை நிற்கிறது. இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அரசு ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே தாக்கினாலோ, பொய்யாகச் சிக்கவைத்தாலோ அரசின் மீது இழப்பீட்டு வழக்குப் போடப் பொதுவாக இயலாது. இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) போதைப்பொருள் தடுப்புக் காவலர்கள் தவறான வீடுகளுக்குள் புகுந்து அட்டூழியம் செய்ததை அடுத்து, 1974இல் நாடாளுமன்றம் இதற்கு ஒரு விலக்கு அளித்தது: புலனாய்வு அல்லது சட்ட அமலாக்க அதிகாரி அப்படிச் செய்தால் வழக்குப் போடலாம். சோதனை செய்யவோ, சான்றைக் கைப்பற்றவோ, கைது செய்யவோ சட்டப்படி அதிகாரம் பெற்ற கூட்டரசு அதிகாரி என்பது அதற்கான வரையறை. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும்.

2006இல் பிலடெல்பியா விமான நிலையத்தில் ஒரு பெண் பயணிக்கும் சோதனையாளர்களுக்கும் தகராறு ஏற்பட்டு, அவர்களின் புகாரின்பேரில் அவர் கைதாகி, பின்னர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் அரசின் மீது தொடுத்த வழக்கில், மூன்றாவது வட்ட (கூட்டரசின் வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2018இல், சோதனையாளர்கள் சட்ட அமலாக்க அதிகாரிகள் அல்லர், எனவே இந்த வழக்கு நிற்காது என்றது. 2019 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 9க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, அவர்கள் அந்த வரையறைக்குள் வருவார்கள் என்றது. அவர்களுக்கு அதிகாரி என்ற பட்டம் இருப்பதையும், அதை எடுத்துக்காட்டும் பேட்ஜ் அணிவதையும் அந்தத் தீர்ப்பே சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டு எட்டாவது வட்ட நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது.

வழக்கில் அரசு என்ன வாதிட்டது தெரியுமா? "இவர்கள் காவல் அதிகாரிகள் அல்லர்" என்று. ஏறக்குறைய கணியன் இங்கே சொல்வதைத்தான் அரசின் வழக்கறிஞர்களும் சொன்னார்கள். அது பயணிக்கு எதிராகச் சொல்லப்பட்டது.

மதுமிதா:

பரிதி ஐயாவுக்கு நன்றி. நான் சொல்ல நினைத்ததை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சோதிக்கும் அதிகாரம் உண்மையானது. அதை அணிந்து காட்டுவதில் பொய் எங்கே இருக்கிறது? பேட்ஜைப் பிடுங்கிவிட்டு அவரைச் சாதாரண எழுத்தராக ஆக்கினால், நாளைக்கு அத்துமீறும் ஊழியரின் மீது வழக்குப் போட வரும் பயணிதான் இழப்பார்.

கணியன்:

சங்கடம் ஒன்றும் இல்லை. தீர்ப்பு ஆராய்ந்தது ஒரே ஒரு சட்டத்தின் ஒரே ஒரு வரையறையை. அதன் ஆணிவேர் அவர்கள் சோதனை செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது, நெஞ்சில் குத்தியிருப்பதில் இல்லை. வழக்குக்கு உள்ளான சம்பவம் நடந்தது 2006இல், உலோகப் பேட்ஜ் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. ஆகவே பேட்ஜைக் கழற்றினாலும் பயணியின் வழக்குரிமை அப்படியேதான் இருக்கும்.

உண்மையில் அரசின் இரட்டை நாக்கைத்தான் அந்த வழக்கு காட்டுகிறது. சோதனைச் சாவடியில் "நான் அதிகாரி" என்று பேட்ஜ் சொல்கிறது. நீதிமன்றத்தில் "அவர் அப்படிப்பட்ட அதிகாரி அல்லர்" என்று வழக்கறிஞர் சொல்கிறார். 2011இல் டென்னசியைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் மார்ஷா பிளாக்பர்ன், கூட்டரசுச் சட்ட அமலாக்கப் பயிற்சி பெறாத டி.எஸ்.ஏ. ஊழியர்கள் அதிகாரி என்ற பட்டத்தையும் காவலர் போன்ற சீருடையையும் உலோகப் பேட்ஜையும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அவருடைய மற்ற அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்த ஒன்றில் அவர் பக்கம் நிற்கிறேன்.

செந்தாமரை:

மதுமிதா அவர்களிடம் ஒரு கேள்வி. 2013 நவம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் துப்பாக்கியோடு நுழைந்தவன் தேடித் தேடிச் சுட்டது டி.எஸ்.ஏ. ஊழியர்களை. பணியில் இருக்கும்போது கொல்லப்பட்ட முதல் டி.எஸ்.ஏ. ஊழியர் அன்று இறந்தவர். காவலரைப் போன்ற தோற்றம் இருக்கிறது, காவலருக்குரிய தற்காப்பு இல்லை. இது ஊழியருக்கே ஆபத்து அல்லவா?

மதுமிதா:

அவனுடைய வெறுப்பு அந்த அமைப்பின் மீது இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் விட்டுவைத்திருப்பான் என்று நான் நம்பவில்லை. அதன் பிறகு ஊழியர் சங்கம், கைது செய்யும் அதிகாரமும் ஆயுதமும் கொண்ட ஒரு தனிப்பிரிவு வேண்டும் என்று கேட்டது. 2014இல் வெளியான டி.எஸ்.ஏ.வின் மறுஆய்வு அதை ஏற்காமல், கூட்டம் மிகுந்த நேரங்களில் ஆயுதம் தாங்கிய காவலர்களைச் சோதனைச் சாவடியருகே நிறுத்தப் பரிந்துரைத்தது. 2015 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் ஒருவன் வெட்டரிவாளோடு ஊழியர்கள் மீது பாய்ந்தபோது, அவனைச் சுட்டு நிறுத்தியது அருகில் இருந்த ஷெரிப் துறைக் காவலரே. நான் கேட்பதும் அதுதான்: காவலர் பக்கத்தில் நிற்கட்டும், சோதிப்பவர் மரியாதையோடு நிற்கட்டும்.

அந்த மரியாதையைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் நிதி ஒதுக்கீடு இல்லாமல் கூட்டரசு முடங்கியபோது, இவர்கள் சம்பளம் வராமலேயே வேலைக்கு வந்தார்கள். மற்றக் கூட்டரசு ஊழியர்களுக்கு இணையான ஊதிய அளவு இவர்களுக்குக் கிடைத்தது 2023 ஜூலையில்தான். அதுவரை சம்பளத்தில் கொடுக்காத மதிப்பை ஒரு பேட்ஜிலாவது கொடுத்தார்களே என்று பார்க்கிறேன்.

கணியன்:

அப்படியானால் அந்தப் பேட்ஜ் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். ஊதியம்தான் 2023இல் வந்துவிட்டதே. நீலச் சட்டை இருக்கட்டும், தோள்கோடும் இருக்கட்டும், பெயரும் அமைப்பின் சின்னமும் துணியில் தெளிவாகத் தைக்கப்பட்டிருக்கட்டும். உலோகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதோடு, இங்கே எதைக் கேட்கலாம், எதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை என்று எழுதிய பலகை ஒன்றை வரிசையின் தொடக்கத்தில் வைக்கலாம்.

மதுமிதா:

பலகைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். செந்தாமரை சொன்ன பெரியவர்களுக்காக அதைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதச் சொல்லுங்கள். பேட்ஜைத் தர மாட்டேன்.