29,000 கன அடியும் முடிச்சூரும்

முடிச்சூர்க்காரன்:
“2015 சென்னை வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் காரணம், ஆற்றங்கரையில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்லாதீர்கள்” என்று கோட்டூர்புரத்து நண்பர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மேடேறி வந்தா எங்களை மூழ்கடித்தது?

கோட்டூர்புரத்தான்:
அன்று இரவு ஏரியிலிருந்து திறந்துவிட்டது நொடிக்கு 29,000 கன அடி சார். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் எங்கள் தரைத்தளம் தப்பியிருக்கும். தணிக்கை அறிக்கையே ஏரியைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்னதே!

முடிச்சூர்க்காரன்:
அந்த இரவுக்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே எங்கள் தெருவில் படகு விட்டார்கள். அப்போது எங்கே போனது உங்கள் 29,000? ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வரும் தண்ணீர் அது. முன்பு வயலில் பரவி நின்று, மெதுவாக வடியும். அந்த வயலில் மண் கொட்டி மனை போட்டோம், வாய்க்காலைத் தெருவாக்கினோம். நானும் அப்படி ஒரு மனை வாங்கியவன்தான். பட்டா, பத்திரம், அப்ரூவல் எல்லாம் காட்டினார்கள். வாய்க்கால் எங்கே என்று நானும் கேட்கவில்லை.

வேளச்சேரி அக்கா:
2023 மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கரணை சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக வடிய வேண்டிய தண்ணீர். சதுப்பில் குப்பையைக் கொட்டி, கட்டடமும் கட்டினால் அது எங்கே போகும்? இதற்கும் செம்பரம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோட்டூர்புரத்தான்:
வேளச்சேரியை ஏன் இழுக்கிறீர்கள்? பேச்சு அடையாற்றைப் பற்றி. 29,000 கன அடி!

மாம்பலத்தான்:
தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதான். அங்கே யாரும் இப்படிப் புலம்பவில்லை. புறநகரில் மலிவாக மனை வாங்கிவிட்டு இப்போது அழுதால் எப்படி?

முடிச்சூர்க்காரன்:
யாரைப் புறநகர் என்கிறீர்கள்? என் தாத்தா நாற்று நட்ட மண் இது. போன மழைக்காலத்திலும் இதையே சொன்னீர்கள், திருப்பிக் கேட்டதும் பதில் இல்லை. நான் மறக்கவில்லை. தி.நகர் சுரங்கப்பாதைகளில் மழைக்குத் தண்ணீர் நிற்பதில்லையா? விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையை ஆற்றின் மேலேயே பாலம் கட்டிப் போட்டார்களே, அதுவும் புறநகர்க்காரன் வாங்கிய மனையா?

மாம்பலத்தான்:
நான் ஓடவில்லை. வேலை இருந்தது.

கோட்டூர்புரத்தான்:
ஓடுபாதை, சதுப்பு, நாற்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. அன்று இரவு 29,000 விட்டார்களா, இல்லையா?

முடிச்சூர்க்காரன்:
விட்டார்கள். அது உங்களை மூழ்கடித்ததை எங்கே மறுத்தேன்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மழைக்கு ஆற்றுக்கு இடம் வேண்டும். திருநீர்மலைக்கு மேலே நாங்கள் மூழ்கியது எதனால் என்று இதுவரை நீங்கள் சொல்லவில்லை. நாளைக்கும் இதையே கேட்பேன்.

கோட்டூர்புரத்தான்:
கேளுங்கள். 29,000.