அம்மாவின் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. பீடி, சிகரெட் புகை வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஆனால் பாதி ஆயுள் விறகடுப்பு முன்னால்தான். பல வருட இருமல், சளி. இப்போது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறார்கள்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகும் முதல் வினாடியில் வெளியேறிய காற்று (எஃப்இவி1) இருக்க வேண்டிய அளவில் 46 சதவீதம்தான். மொத்தமாக ஊதியதில் அது 0.55 பங்கு, 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்றார் டாக்டர். மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து, சளியும் சேர்ந்து பாதை குறுகியதால், இழுத்த காற்று முழுதாக வெளியே வராமல் தேங்குகிறதாம். சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! மாடி ஏறும்போது மூச்சு வேகமாகிறது, வெளியே விட நேரம் போதவில்லை, தேக்கம் இன்னும் கூடுகிறது. அம்மா நடுப்படியில் நின்றுவிடுவது இதனால்தான் போல.

சரி, கேள்விக்கு வருகிறேன். மருந்து இழுத்தும் எஃப்இவி1 60 மில்லிதான் கூடியது. "அப்புறம் எதுக்கு இந்த இன்ஹேலர், தண்டச் செலவு" என்கிறார் அம்மா. எண் பெரிதாக ஏறாவிட்டாலும் தேங்கிய காற்று குறைந்து மூச்சிரைப்பு தணியலாம் என்று படித்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி நடந்ததா? ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து இழுக்க வயதானவர்களை எப்படிப் பழக்கினீர்கள்? மதுரைப் பக்கம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தரும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். மருந்தை மாற்றச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.