சேர்வராயன் மலைக் கற்களை வைத்துத் தட்டுகள் அமிழ்வதை விளக்க முடியுமா?

கன்னங்குறிச்சி_வகுப்பறை:
ஒன்பதாம் வகுப்புக்குப் புவித்தட்டுப் பாடம் நடத்துகிறேன். இரண்டு தட்டுகள் மோதும்போது ஒன்று மட்டும் ஏன் கீழே போகிறது, கீழே போவது குளிர்ந்த பாறை என்றால் மேலே எரிமலை எப்படி வருகிறது என்ற இரண்டு இடங்களில் மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். "கீழே போன தட்டு உருகி மேலே வருகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடலாமா? சேலத்து வெள்ளைக்கல் மலையும் ஏற்காட்டுப் பாறைகளும் இதற்குச் சான்றாகுமா? கையில் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும்.

சார்னோகைட்:
அந்த ஒரு வரி வேண்டாம் சார், தவறு. முதலில் கவசத்தை, அதாவது மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கை, சிவப்புக் குழம்பாகத் தீட்டிய படத்தை மாற்றுங்கள். கவசம் திடப் பாறை. திரவத்துக்குள் போக முடியாத எஸ் வகை நிலநடுக்க அலைகள் அதற்குள் தாராளமாகப் போகின்றன. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நெகிழ்ந்து நகர்கிறது.

எது அமிழும் என்பதைத் தீர்மானிப்பது அடர்த்தி. கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், கண்ட மேலோடு சுமார் 2.7, கடலடி மேலோட்டின் பசால்ட் பாறை 3.0, கவசப் பாறை 3.3. பசால்ட் 3.0 என்றால் 3.3-க்குள் எப்படி அமிழும் என்று கூர்மையான மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டும். பசால்ட் மேலோடு 7 கி.மீ. தடிமன்தான். அதோடு ஒட்டிக் குளிர்ந்த கவசப் பாறையையும் சேர்த்தால்தான் தட்டு. வயதான தட்டு 80 முதல் 100 கி.மீ. வரை தடிக்கிறது. குளிர்ந்த பாறை சுருங்கும், அதனால் கீழே உள்ள சூடான கவசத்தைவிடச் சற்று கனமாகிவிடும். உள்ளே போன பிறகு அழுத்தத்தால் பசால்ட்டே கார்னெட் நிறைந்த எக்லோகைட்டாக மாறி 3.5-ஐத் தொடும். அதன் பின் முன்னால் போன பகுதியின் எடையே பின்னால் வருவதை இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது இந்த இழுப்புதான். பசிபிக்கின் மிகப் பழைய கடல்தரைக்குக்கூட 18 கோடி ஆண்டுதான் வயது. அதற்கு முந்தையவை உள்ளே போய்விட்டன.

தட்டு ஏன் உருகுவதில்லை என்பதைப் பலகையிலேயே கணக்குப் போட்டுக் காட்டலாம். ஆண்டுக்கு 5 செ.மீ. வேகம், 45 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. ஆழம் போக 141 கி.மீ. சறுக்க வேண்டும், அதற்கு 28 லட்சம் ஆண்டு ஆகும். பாறையில் வெப்பம் பரவும் திறன் நொடிக்கு ஏறத்தாழ 1 சதுர மி.மீ. அதைக் காலத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 9.4 கி.மீ. வரும். 80 கி.மீ. தடிமனுள்ள பாளத்தின் மேல்தோல் மட்டும்தான் சூடேறியிருக்கிறது, உள்ளே இன்னும் குளிர்ச்சி.

அப்படியானால் உருகுவது எது? அமிழும் தட்டுக்கு மேலே ஆப்பு வடிவில் இருக்கும் கவசம். கடல்தரைப் பாறைகள் தங்கள் கனிமங்களுக்குள் நீரைக் கட்டி வைத்திருக்கின்றன. செர்பென்டைன் கனிமத்தின் எடையில் சுமார் 13 சதவீதம் நீர். 100 கி.மீ. ஆழத்தை ஒட்டி அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது இக்கனிமங்கள் சிதைந்து நீரை விடுகின்றன. அந்த ஆழத்தில் வறண்ட கவசம் உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். நீர் சேர்ந்தால் 1,000 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும். எரிமலைக்குத் தேவைப்பட்டது கூடுதல் சூடு இல்லை, நீர்.

படம் வரையும்போது 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்று அளவு வைத்துச் சார்ட் பேப்பரை நெட்டுவாக்கில் பிடியுங்கள். தட்டு 8 செ.மீ., கடல் மேலோடு 7 மி.மீ., தட்டு உள்ளே இறங்கும் இடமான அகழி, மரியானா அகழி என்றால், 1.1 செ.மீ. ஆழம். எரிமலை அகழியிலிருந்து 15 முதல் 30 செ.மீ. தள்ளி நிற்கும், அதன் நேர் கீழே 10 செ.மீ. ஆழத்தில் தட்டின் மேற்பரப்பு வர வேண்டும். ஏற்காட்டு மலை இதே அளவில் ஒன்றரை மில்லிமீட்டர் கோடு! அளவில்லாத படத்தில் எரிமலை தட்டைவிடப் பெரிதாகிவிடும். தட்டே உருகிப் பீறிடுகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

ஓமலூர்_நிலவியல்:
சான்று பற்றி. சேர்வராயன் மலையின் சார்னோகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. மேலோட்டின் அடிப்பகுதியில், இருபது கி.மீ.க்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து நீரை இழந்த பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்காட்டுச் சாலை வெட்டுகளில் பசுமை கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு இருப்பது அதுதான்.

வெள்ளைக்கல் மலையின் தாய்ப்பாறை டியூனைட். கவசத்தில் இருக்கும் வகை, பெரும்பாலும் ஆலிவின் என்ற கனிமம். பிறகு கரியமில வாயு கலந்த நீர் வெடிப்புகளில் ஏறி ஆலிவினை மேக்னசைட்டாகவும் (மக்னீசியம் கார்பனேட்) சிலிக்காவாகவும் மாற்றியது. வலை போல ஓடும் வெள்ளை நரம்புகள் அதன் விளைவு. எரிமலைச் சாம்பலோ சுண்ணாம்போ அல்ல.

ஆனால் "இங்கே தட்டு அமிழ்ந்தது, இதோ அதன் துண்டு" என்று அடித்துச் சொல்லாதீர்கள். பாலக்காடு–காவிரி மண்டலம் பழைய கடல் ஒன்று மூடிக்கொண்ட தையல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது மூடியது 250 கோடி ஆண்டுக்கு முன்பா, கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த 55 கோடி ஆண்டு வாக்கிலா என்பதில் வாதம் ஓயவில்லை. மாணவர்களுக்கு வாதத்தையே சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். இன்று நடக்கும் அமிழ்தல் வேண்டுமானால் அந்தமான் போதும். சேலம் நிற்கும் இந்தியத் தட்டேதான் சுமார் 1,500 கி.மீ. கிழக்கே பர்மாத் தட்டின் கீழ் இறங்குகிறது. பாரன் தீவு எரிமலையும் 2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் அந்த எல்லையைச் சேர்ந்தவை. வடக்கே இதே தட்டின் கண்டப் பகுதி அமிழ முடியாமல் முட்டித்தான் இமயம் எழுந்தது.

தராசு:
கையில் காட்ட வேண்டியது அடர்த்திங்க டீச்சர். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கல்லை எடை போட்டுக் குறிச்சுக்குங்க. பாதி நீருள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்து ஜீரோ ஆக்குங்க. கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுசா மூழ்கும்படி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தொங்கவிடுங்க. தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன செ.மீ.யில். எடையை அதால் வகுத்தா அடர்த்தி. 330 கிராம் டியூனைட்டுக்கு 100 காட்டணும்.

சார்னோகைட் 2.7-ஐ ஒட்டி வரும், கருமை கூடிய துண்டு 3.0 வரை போகலாம். சுத்தமான மேக்னசைட் 3.0. டியூனைட் 3.3 வரணும், 2.8 வந்தா பதற வேண்டாம். நீர் ஏறி செர்பென்டைன் ஆன துண்டு, அது 2.6 வரைக்கும் இறங்கும். அந்தத் துண்டை எறிஞ்சிடாதீங்க, நீரைச் சுமந்து உள்ளே போகிற கனிமம் அதுதான். கஞ்சமலைக் காந்தக்கல்லை இந்த வரிசையில் சேர்க்காதீங்க. இரும்பு நிறைய இருப்பதால் எடை கூடும், கவசத்தோடு ஒப்பிட முடியாது.

கணக்கு தப்புவது பெரும்பாலும் சின்னக் கல்லால்தான். 50 கிராம் கல்லுன்னா 15, 16 என்று தராசு தடுமாறும், விடை 3.3-க்கும் 3.1-க்கும் தாவும். 300 கிராமுக்குக் குறையாமல் எடுங்க. கல் அடியில் பட்டுட்டா அதன் எடையும் தராசில் இறங்கி விடை படு குறைவா வரும். குமிழ் ஒட்டியிருந்தாலும் குறையும். பத்து நிமிஷம் ஊற வைத்து, துடைத்து எடை போட்டுட்டு அப்புறம் மூழ்கடிங்க.

கன்னங்குறிச்சி_வகுப்பறை:
மிக்க நன்றி. மாணவர்கள் கொண்டுவரும் வெள்ளைக் கல்லெல்லாம் மேக்னசைட் என்று எப்படி நம்புவது?

தராசு:
ஒரு சொட்டு வினிகர். வயலில் கிடக்கும் சுண்ணாம்புக் கல் மெதுவா குமிழ் விடும், மேக்னசைட் சும்மா இருக்கும். இரும்பு ஆணியால் கீறினா கோடு விழுந்தா அது குவார்ட்ஸ் இல்லை. சுரங்கக் குழிகளுக்குள் மாணவர்களை இறக்காதீங்க, விளிம்பு சரியும், அனுமதியும் வேணும். சாலையோரம் உதிர்ந்து கிடப்பதே போதும்.