புதுப்பிப்பு: சைக்கிள் ஸ்போக் (சக்கரக் கம்பி) நீளம் ஏன் தவறியது என்று தெரிந்துவிட்டது
பின்சக்கரத்துக்கு (32 துளை, மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்போக்கும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்கும்) கணக்குப் போட்டு வாங்கிய ஸ்போக்குகள் நிப்பிளை (ஸ்போக்கின் முனையை வெளி வளையத்தில் பிடிக்கும் சிறு மரையை) தாண்டி 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். நீளத்துக்கான சூத்திரம் சரி, மூன்று குறுக்குக்கு வரும் 67.5 டிகிரி கோணமும் சரி. ரிம்மின் (வெளி வளையத்தின்) விட்டம்தான் தவறு. பட்டியலில் பார்த்த 600 மி.மீ.யை அப்படியே நம்பிவிட்டேன்.

இந்த முறை நானே அளந்தேன். இரண்டு பழைய ஸ்போக்குகளின் வளைந்த முனையை நறுக்கி, சரியாக 200 மி.மீ. ஆக்கி, நிப்பிள் தலையின் பள்ளம்வரை திருகி, நேரெதிர்த் துளைகளில் கோத்து இழுத்துப் பிடித்தேன். நடு இடைவெளி 194. ஆக, 200 + 200 + 194 = 594! விட்டத்தில் 6 பிசகினால் நீளத்தில் பாதி பிசகும். அந்த 3 அங்கிருந்துதான் வந்தது.

புதுக் கணக்கில் இடப்பக்க ஸ்போக்குகள் 290, வலப்பக்கம் 288.6. வலதுக்கு 288 எடுத்தேன். கோத்து இறுக்கியாயிற்று, அப்புறம் ஒரு முனைகூட வெளியே நீட்டவில்லை.