முதல் சைஃபரில் உங்களுக்கு என்ன ஆச்சு? (அனுபவப் பகிர்வு)

அடையாறு ஆள்:
சைஃபர் என்றால் ஹிப் ஹாப் ஆட்கள் வட்டமாக நின்று ஆளுக்கொரு முறை பாடுவது, ஆடுவது. ராப், பிரேக்கிங் (தரையில் சுழன்று ஆடும் நடனம்), கிராஃபிட்டி (சுவர் ஓவியம்), டிஜே, எந்த வாசல் வழியாக ஹிப் ஹாப்புக்குள் வந்திருந்தாலும் சரி, உங்களை உலுக்கிப் போட்ட ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள். எனக்கு அது 2006-இல், மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ராப் ஆல்பம் கைக்கு வந்த நாள். தமிழில் இப்படிப் பேசலாமா என்று வாயைப் பிளந்தேன், அவ்வளவுதான். மேடை ஏறும் துணிச்சல் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஏறியவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன். பிரபலங்களோடு எடுத்த செல்ஃபி கதைகள் மட்டும் வேண்டாம்.

பெரம்பூர் லோகோ:
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நான் ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். நோட்டு முழுக்கத் துப்பாக்கி, பனி, நீளமான கார். பனியை நான் பார்த்தது ஃப்ரீசரில் மட்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நிற்பார்கள் என்று நண்பன் அழைத்துப் போனான். ஸ்பீக்கர் கிடையாது. சுண்டல்காரரிடம் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கடன் வாங்கி, அதற்குள் போனைப் போட்டு பீட் ஓட விட்டிருந்தார்கள். பேஸ் கொஞ்சம் தகர டப்பா மாதிரிதான் கேட்கும், ஆனால் காற்றைத் தாண்டிக் காதுக்கு வரும்.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை, தலையும் ஆட்டவில்லை. முடித்ததும் வட்டத்திலேயே வயதில் மூத்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, உன் வீடு எங்க?"

"பெரம்பூர்ணா."

"காலையில எழுந்தா உன் காதுல முதல்ல என்ன விழும்?"

யோசிக்காமல் சொன்னேன், "சங்குண்ணா." ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு. எங்கள் தெருவில் அதுதான் கடிகாரம்.

"அதைச் சொல்லு. தப்பாப் போனாலும் பரவாயில்ல."

அப்பா போய் அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒர்க்ஷாப்பில்தான் வேலை பார்த்தார். அவர் காரியம் முடியும் வரை நான் அழவே இல்லை. பந்தல்காரருக்குப் பணம், ஐஸ் பெட்டிக்குப் பணம், சொந்தக்காரர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன். அன்று பீட் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், வாயில் இது வந்தது:

*ஏழு மணிச் சங்கு, சட்டையை மாட்டி அப்பா கிளம்பினாரு*
*ஏழு மணிச் சங்கு, சட்டையைக் கழட்டி அப்பா கிளம்பினாரு*

இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றாவது வரி வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அண்ணன் பீட்டை நிறுத்தவில்லை, அதுதான் பெரிய விஷயம். நிறுத்தியிருந்தால் எல்லோரும் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லியிருப்பார்கள், நான் கூச்சப்பட்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன். அவர் கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நின்றார். மற்றவர்களும் போட்டார்கள். நிமிடத்துக்கு 90 தட்டு. பாருக்கு நாலு தட்டு, 16 பார் என்றால் முக்கால் நிமிடம்கூட வராது. அந்த முக்கால் நிமிடம் முழுக்க நான் ஒன்றும் சொல்லாமல் அழுதேன். எனக்காக யாரோ தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவோடு எத்தனையோ கோயில் படி ஏறியிருக்கிறேன். சாமி கும்பிடும்போது வராத ஏதோ ஒன்று அன்றைக்கு வந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஆங்கிலத்தில் எழுதவே இல்லை. ஆங்கிலத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, பொய் சொன்னால் எனக்கு மூச்சு பத்த மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

கானா வீட்டுப் பிள்ளை:
லோகோ தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதெல்லாம் ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கியது போல எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா போகும். பாடுகிறவர் வந்ததும் முதலில் வீட்டுக்காரர்களிடம்தான் உட்காருவார். செத்தவர் பேர் என்ன, என்ன வேலை, டீயில் சர்க்கரை போடுவாரா, யாரோடு சண்டை? எல்லாம் கேட்டுக்கொள்வார். நடுராத்திரிக்குள் அத்தனையும் பாட்டில் வந்துவிடும். இதை ஃப்ரீஸ்டைல் (அங்கேயே கட்டிப் பாடுவது) என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? எங்கள் மாமா ஒருவர் பாடினால் நாலு நாளாக வாயே திறக்காத பொம்பளைகள் ஓவென்று அழுவார்கள். அழ வைப்பதுதான் அவர் வேலை. அவரை யாரும் ஆன்மிகவாதி என்று சொன்னதில்லை, 'கானாக்காரன்' என்றுதான் சொன்னார்கள், அதுவும் ஒரு மாதிரிக் குரலில்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை போட்டபோது போயிருந்தேன். 19 பேர். கானா, பறை, ராப், கிடார் எல்லாம் ஒரே மேடையில். என் பக்கத்தில் நின்ற இங்கிலீஷ் பேசும் பையன்கள் எங்கள் மாமா பாடும் மெட்டுக்குக் குதித்தார்கள். எனக்கு ஆன்மிக அனுபவம் என்றால் அதுதான். மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

ராயபுரம் பி-கேர்ள்:
நான் பாடுகிற ஆள் இல்லை, பிரேக்கிங். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் கீழ்த்தளம் காலியாகக் கிடக்கும், தரை வழுவழுவென்று இருக்கும். செக்யூரிட்டி விரட்டும் வரை பயிற்சி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் வந்த பிறகு அவர் கொஞ்சம் மரியாதையாக விரட்டினார்.

பேபி ஃப்ரீஸ் என்று தலைகீழாக அசையாமல் நிற்கும் நிலை ஒன்று. அதைப் பழகும்போது முழங்கையை விலாவுக்குக் கீழே குத்திக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் கை மேல் ஏற்றி நிற்க வேண்டும். மூச்சை அடக்கினால் விழுவோம், வேகமாக இழுத்தாலும் விழுவோம். ஆறு வாரம் விழுந்தேன். ஒரு நாள் நின்றது. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். மேலே ரயில் போகிற அதிர்வு உள்ளங்கை வழியாக வருகிறது, தலைகீழாக ஒரு டீ கப் தெரிகிறது, மண்டையில் ஒரு நினைப்பும் இல்லை. அம்மாவின் திட்டு, அரியர் பேப்பர், எதுவும் இல்லை.

அன்று ராத்திரி ஆயா என் மணிக்கட்டில் தைலம் தேய்த்தார். கை முழுக்க நீலம். ரொம்ப நேரம் பேசாமல் தேய்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது யாருக்கும்மா நேர்ந்துக்கிட்ட?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

சந்தக்காரன்:
1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில், கூல் ஹெர்க் என்ற டிஜே தன் தங்கை நடத்திய பார்ட்டியில் ரெக்கார்டு சுழற்றியதைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். நாலு கூறுகளை அடையாறு ஆள் மேலேயே சொல்லிவிட்டார். பின்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அறிவு. தன்னை அறிகிற அறிவு. (நம்ம ஊர் ராப்பர் ஒருவரின் பெயரும் அதுவே, பொருத்தம்தான்.) ஆக, இதில் ஆன்மிகத்தைத் தேடுவது நாம் இட்டுக்கட்டியது இல்லை. அதே சமயம், பெண்களைக் கேவலமாகப் பேசிவிட்டு அடுத்த வரியில் சிவன் பெயரைச் சொல்லி முடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். அதற்குப் பெயர் விழிப்பு இல்லை.

லோகோவின் வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் வரிக் கடைசியிலேயே தொங்குவார்கள், அது இயைபு. நம் மொழியின் பலம் வரித் தொடக்கத்தில், எதுகையிலும் மோனையிலும் இருக்கிறது. தகதிமியில் (நாலு எண்ணிக்கை) போய்க்கொண்டே நடுவில் தகிடவுக்கு (மூன்று) மாறிப் பாருங்கள், தமிழ்ச் சொற்கள் தாமாக உட்காரும். அப்புறம் அந்தச் சட்டை. பாம்பு உரிப்பதையும் சட்டை என்றுதான் சொல்கிறோம். தெரிந்து எழுதினீர்களா? திருவொற்றியூரில் கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடிய ஆள் அவர். ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

பெரம்பூர் லோகோ:
தெரிந்து எழுதவில்லை சார். திருவொற்றியூர் போன வாரம் போனேன், கூட்டம் இல்லை, நல்ல காற்று.

கானா அண்ணா சொன்னது சரி. அப்பாவுக்கு ராத்திரி முழுக்கப் பாட ஆள் வைக்கலாம் என்று சித்தப்பா கேட்டார். அசிங்கம் என்று தடுத்தது நான்தான்.

இன்னொன்று. இத்தனை வருஷம் கழித்து நேற்றுதான் அந்த இரண்டு வரியை அம்மாவுக்குப் பாடிக் காட்டினேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. "உங்கப்பா என்னைக்குடா வீட்ல சட்டை மாட்டினாரு? தோள்ல போட்டுக்கிட்டு சைக்கிள்ல ஏறுவாரு, தெருமுனையில போய்த்தான் பட்டன் போடுவாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உண்மைதான், எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. முதல் வரியை மாற்றிவிட்டேன். இப்போது இரண்டாவது வரி உட்கார மாட்டேன் என்கிறது. சந்தக்காரன் சார், ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்க.