‘ஸ்கேல் டெக்ஸ்ச்சர்’ என்பதற்குச் ‘செதிலோட்டம்’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஊர்வனவற்றின் தோலையும் டிராகனின் தோலையும் நம்பும்படி வரையக் கற்பிக்கும் கையேட்டுக்காக நாம் தேடிவரும் சொற்களில், ‘ஸ்கேல் டெக்ஸ்ச்சர்’ (scale texture, அதாவது செதில் நிறைந்த தோலின் மேற்பரப்புத் தோற்றம்) என்பதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. அவை செதிற்பாங்கு, செதிலமைவு, செதில்வரி, செதிலடுக்கு என்பன. நான்கையும் என் வகுப்பில் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தமிழ்ச் சொல்லே வேண்டாம், ‘ஸ்கேல்’ என்றே இருக்கட்டும் என்று ஓசூர் நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி முகாமில் வழங்கிய தாளில் ‘முதலையின் முதுகில் ஸ்கேல் போட்டு வரையவும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, முதலையின் முதுகில் நேர்க்கோடுகளை இழுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மீது எந்தத் தவறும் இல்லை. நம் ஊரில் ஸ்கேல் என்றால் அடிக்கோல்தான். செதில் என்று எழுதியிருந்தால், வீட்டில் மீன் ஆய்வதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் உடனே விளங்கியிருக்கும்.

ஆகவே முதற்பகுதி ‘செதில்’ என்பதில் எனக்கு ஐயமில்லை. செதிள் என்னும் வடிவமும் அகராதியில் உண்டு என்றாலும், பேச்சிலும் பாடநூலிலும் செதில் நிலைத்துவிட்டது. மீனின் செதில் தோலுக்குள்ளிருந்து வளர்வது, பாம்பின் செதில் மேல்தோலே தடித்துக் கெராட்டின் (நம் நகத்தில் உள்ள கடினமான புரதம்) ஏறி உருவாவது. இவ்விரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துமா என்று காரிமங்கலத்து ஆசிரியை அம்மையார் கேட்டிருந்தார். உயிரியல் நூலுக்கு அது நியாயமான கேள்வி. ஓவியருக்குத் தேவையானது கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் பெயர் என்பதால், ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதில் இழப்பில்லை என்பது என் கருத்து.

சிக்கல் இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. மாணவர்கள் வரையும் பாம்புகளில் தொண்ணூறு விழுக்காட்டில் ஒரே குறையைத்தான் காண்கிறேன். உடலின் வெளிக்கோட்டை அழகாக வரைந்துவிட்டு, அதன்மேல் மீன்வலையை விரித்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்சதுரங்களைப் போட்டு நிரப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் பாம்பு தட்டையாகிவிடும். கயிறுபோலத் திரண்டிருக்க வேண்டிய உடல், வலை ஒட்டிய அட்டைப் பட்டையாகத் தெரியும். செதிலின் வடிவத்தை அவர்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். அந்தச் செதில்களின் வரிசை எந்த வழியாக உடலைச் சுற்றிச் செல்கிறது என்பதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்தப் ‘போகும் வழி’க்குத்தான் என்று நான் நினைக்கிறேன். டெக்ஸ்ச்சர் என்ற சொல்லை நேராகப் பெயர்க்க முயன்றதால், மேற்பரப்பின் சொரசொரப்பையே நாம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கண்ணோட்டத்தில் நான்கு சொற்களையும் பார்ப்போம். செதிற்பாங்கு செவிக்கு இனியது. ஆயினும் மாணவர்கள் அதை உடலின் நிறக்கோலம் என்றே எடுத்துக்கொண்டார்கள். செதில்வரியிலும் அதே இடர்ப்பாடு இருக்கிறது: வரிப்புலி, வரிக்குதிரை என்று நிறப்பட்டைக்கு வழங்கும் சொல்லாகையால், கட்டுவிரியனின் வெள்ளை வளையங்களையே ‘செதில்வரி’ என்று காட்டினான் ஒரு மாணவன். செதிலடுக்கு சில உயிரினங்களுக்கு மட்டுமே உண்மையாகும். நல்ல பாம்பின் செதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. உடும்பின் செதில் அப்படி ஏறுவதில்லை. உடும்பின் மேல்தோலை அருகில் பார்த்தால், சிறு சிறு மணிகள் தனித்தனியே பதிந்து, ஒவ்வொன்றையும் சுற்றி இன்னும் நுண்ணிய பொடிமணிகள் சூழ்ந்திருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘ஈரத் துணியில் கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியது போல’ என்று சொன்னால் போதும், கை தானாகச் சரியாக வரைகிறது. அடுக்கே இல்லாத தோலை அடுக்கு என்று அழைக்கலாகாது.

செதிலமைவு என்பதை மட்டும் நான் முழுவதும் விலக்கச் சொல்லவில்லை. எந்தப் பாம்பு என்று இனங்காண்பதற்கு உடலின் நடுவில் எத்தனை வரிசைச் செதில், தலையில் எத்தனை கேடயம் (தகடுபோன்ற பெரிய செதில்) என்று எண்ணுகிறார்கள் அல்லவா, அதற்கு இது மிகப் பொருத்தமான சொல். கண்ணாடிவிரியனுக்கு நடுவுடலில் 27 முதல் 33 வரிசைகள் வரை இருக்கும். கட்டுவிரியனுக்கு நடுமுதுகில் ஓடும் ஒரு வரிசை மட்டும் பெரிதாகி அறுகோணமாக இருக்கும். இவை செதிலமைவுச் செய்திகள். அதை உயிரியலாருக்கே விட்டுவிடுவோம்.

நான் முன்மொழிவது ‘செதிலோட்டம்’.

இதற்கு வழிகாட்டியது பாம்புச் சட்டை ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கேழ்வரகுத் தாள் போரைப் பிரித்தபோது, தலைமுதல் வால்வரை கிழியாத சட்டை கிடைத்தது. அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, வெயில் ஊடுருவும்படி பார்த்தோம். நிறம் முழுவதும் நீங்கிவிட்டதால் செதில்களின் வரிசை மட்டும் கோட்டோவியம்போலத் தெரிந்தது. முதுகுப் பக்கத்தில் சாய்வான வரிசைகள் இடமிருந்து வலமாக ஒரு புரியும் வலமிருந்து இடமாக ஒரு புரியுமாகச் சென்று, ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் ஒவ்வொரு செதிலும் உட்கார்ந்திருந்தது. வயிற்றுப் பக்கத்தில் அந்தச் சாய்வு நின்று, அகலமான பட்டைகள் ஏணிப்படிபோலக் குறுக்கே அமைந்திருந்தன. பிறகு அதே சட்டையைத் தண்ணீர்க் குழாயின்மேல் சுற்றினோம். தட்டையாக இருந்தபோது நேராகத் தெரிந்த அதே வரிசைகள், குழாயின் விளிம்பை நெருங்க நெருங்க வளைந்து, ஒடுங்கி, இறுதியில் ஒரு மயிரிழை அகலத்துக்குக் குறுகி மறைந்தன. இருபது நிமிடம் கரும்பலகையில் விளக்கியும் விளங்காத ஒன்று அந்தக் கணத்தில் எல்லோருக்கும் விளங்கியது. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, இது ஓடுது” என்றாள். ‘ஓட்டம்’ என்ற சொல்லை எனக்குக் கொடுத்தவள் அவள்தான்.

இந்த ஓட்டத்துக்குத் திசையும் உண்டு. ஒகேனக்கலில் மீன் ஆய்ந்து கொடுக்கும் அம்மா ஒருவர், கத்தியை வாலிலிருந்து தலைநோக்கித் தள்ளுவதைக் காட்டி, “எதிர்வாட்டமா சுரண்டுனாத்தான் செதில் வரும், வாட்டத்துல சுரண்டுனா வழுக்கும்” என்றார். பாம்பிலும் அப்படித்தான், செதிலின் ஒட்டாமல் நிற்கும் விளிம்பு வாலைநோக்கியே இருக்கும். கொத்தனார் தளத்துக்கு ‘வாட்டம்’ விடுவதும் இதே சொல்தான் என்பதால், ‘செதில்வாட்டம்’ என்று வைக்கலாமா என நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது மண்ணில் வேரூன்றிய சொல். எனினும் வாட்டம் திசையை மட்டுமே சொல்கிறது. வரிசை வளைவதையும் பிரிவதையும் சேர்வதையும் அது சொல்லவில்லை; அத்துடன் எழுத்தில் படிப்பவருக்கு வாடிப்போதல் என்ற பொருளே முதலில் தோன்றுகிறது. ஓட்டத்துக்குள் திசையும் அடங்கும், வழியும் அடங்கும்.

ஓட்டம் என்றால் ஓடு என்பதன் அடியாக ஆமையோட்டை நினைத்துவிடுவார்களே என்ற ஐயம் எழலாம். நீரோட்டம், குருதியோட்டம், எண்ணவோட்டம் ஆகியவற்றில் யாரும் ஆமையை நினைப்பதில்லை. புணர்ச்சியும் எளிது: செதில் என்பதன் ஈற்று மெய்மேல் உயிர் ஏறிச் செதிலோட்டம் என்று தானே இணைந்துவிடுகிறது. செதில், தோல் ஆகிய சொற்களைச் சேர்த்தால் வரும் ‘செதிற்றோல்’ இலக்கணப்படி சரியே. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பிரித்துப் படிக்கத் திணறுகிறது. இப்படிப் புணரும்போது எழுத்து மாறாத சொற்களுக்குக் கையேட்டில் முன்னுரிமை தர வேண்டுகிறேன்.

வரையறையை இப்படி எழுதலாம்: ‘செதில் வரிசைகள் உடலின் திரட்சியைத் தழுவிச் செல்லும் வழியும், அவ்வழியில் செதிலின் அளவும் நெருக்கமும் மாறிவரும் முறையும் செதிலோட்டம் எனப்படும்.’ சொல் வகுப்பில் நிற்குமா என்பதற்கு நான் வைத்துள்ள சோதனை, திருத்தம் சொல்லும்போது அது வாயில் வருகிறதா என்பதுதான். ‘கழுத்துத் திரும்பும் இடத்தில் செதிலோட்டம் அறுந்துவிட்டது’, ‘முழங்காலில் செதிலோட்டத்தை நெருக்கிச் சிறிதாக்கு’, ‘வெளிச்சம் விழும் இடத்தில் செதிலோட்டத்தைக் குறிப்பாகக் காட்டினால் போதும்’ என்றெல்லாம் இந்த மாதத்தில் என்னையறியாமலே சொல்லிவிட்டேன். மூன்றாவது வாக்கியம் முக்கியமானது. எல்லாச் செதிலையும் எண்ணி வரைந்த படம் கண்ணை அயர்த்திவிடும். ஒளியும் நிழலும் சந்திக்கும் பகுதியில்தான் செதிலின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். முழு வெளிச்சத்திலும் அடர்நிழலிலும் அது கரைந்துபோகும். ஓட்டம் சரியாக இருந்தால் பாதிச் செதில்களை வரையாமலே விடலாம், பார்ப்பவர் கண் அவற்றை நிரப்பிக்கொள்ளும்.

டிராகனுக்கு இச்சொல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. (தமிழ் விவிலியத்தில் உள்ள ‘வலுசர்ப்பம்’ எனக்குப் பிடித்த சொல்லே; ஆயினும் கால்களும் சிறகுகளும் உடைய சித்திர உருவத்துக்குப் பிள்ளைகள் டிராகன் என்றே சொல்கிறார்கள், அதை மாற்ற நான் முனையவில்லை.) பாம்பையோ உடும்பையோ வரையும்போது ஓட்டத்தைப் பார்த்து வரைந்துகொள்ளலாம். டிராகனில் அதை ஓவியரே முடிவுசெய்ய வேண்டும். சிறகு தோளில் பொருந்தும் இடத்தில் வரிசைகள் திடீரென்று வெட்டுப்பட்டு நின்றால், சிறகு ஒட்டவைத்ததுபோலத் தெரியும். ஒகேனக்கலில் காவிரி பாறையில் முட்டி இரண்டாகப் பிரிந்து, பாறைக்குப் பின்னால் மீண்டும் கூடுவதுபோல, செதில் வரிசைகளும் சிறகின் அடியைச் சுற்றிப் பிரிந்து, சிறுத்து, முதுகில் கூட வேண்டும். இதை விளக்க ‘ஓட்டம்’ போல உதவும் வேறு சொல்லை நான் காணவில்லை.

துணைச்சொற்கள் சிலவற்றையும் இத்துடன் வைக்கிறேன். செதிலின் நடுவில் எழும்பி நிற்கும் வரம்புக்குக் கப்பலின் அடிக்கட்டையைக் குறிக்கும் சொல்லை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். கப்பலின் அடிக்கட்டை கீழே இருப்பது. இந்த வரம்போ மேலே எழுவது. கூரையின் உச்சிக்கு நாம் சொல்லும் ‘முகடு’ இங்கே நேராகப் பொருந்துகிறது. கண்ணாடிவிரியனின் முதுகில் இருப்பவை முகட்டுச் செதில்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதை நாட்டு ஓடு வேய்ந்த கூரையை வைத்து ‘வேய்வு’ என்றும், உடும்பின் தோலில் இருப்பதை ‘மணிச்செதில்’ என்றும் வழங்கலாம்.

முதலையின் தலைக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. ஒகேனக்கல் முதலைகள் மறுவாழ்வு மையத்தில் படுத்திருக்கும் முதலையின் முதுகையும் முகத்தையும் மாறி மாறிப் பாருங்கள். முதுகில் எலும்புத் தகடுகளைத் தாங்கிய செதில்கள் வரிசை பிடித்து நிற்கின்றன, ஓட்டம் தெளிவாக இருக்கிறது. முகத்தில் அந்த ஒழுங்கு இல்லை. இடக்கன்னத்துக் கோடுகள் வலக்கன்னத்துக் கோடுகளோடு ஒத்துவருவதில்லை. கோடையில் வற்றிய ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் நாம், ஆகவே ‘வெடிப்புச் செதில்’ என்று நான் முதலில் குறித்துவைத்திருந்தேன். 2013-இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், வளரும் தோல் விரிசல் விடுவதால்தான் இது உண்டாகிறது என்றே எழுதினார்கள். ஆனால் 2024-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு, கருவில் முதலையின் தோல் அதன் அடியிலுள்ள திசுவைவிட விரைந்து வளர்ந்து, இடம் போதாமல் மடிவதால்தான் இந்தக் கோடுகள் தோன்றுகின்றன என்று காட்டியது. அதாவது அவை வெடிப்பல்ல, மடிப்பு. காரணத்தை வைத்துப் பெயரிட்டிருந்தால் பதினோராண்டுகளில் நம் சொல் பிழையாகியிருக்கும். எனவே தோற்றத்தை மட்டும் சொல்லும் ‘பாளச்செதில்’ போதும் என்கிறேன். முதலையின் முகத்தில் செதிலோட்டத்தைத் தேடவேண்டாம் என்றும் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. பாம்பு வளையும்போது வெளிவளைவில் செதில்கள் விலகி, இடையில் மெல்லிய தோல் தெரிகிறது. இரை விழுங்கும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. பாம்புச் சட்டை, அதைக் கழற்றிய பாம்பைவிட நீளமாக இருப்பதற்கும் இந்தத் தோல் விரிந்துகொள்வதே காரணம். அதைக் காட்டினால் வளைவு உயிர்பெறும் என்பதால் அதற்கொரு பெயர் கட்டாயம் வேண்டும். ‘இடைத்தோல்’ என்று நான் சொல்லிவருகிறேன். ஆனால் மாணவர்கள் இடுப்புத் தோல் என்று பொருள்கொள்கிறார்கள். பாம்பு பிடிப்பவர்களோடு பழகும் அன்பர்கள் குழுவில் இருந்தால், அவர்கள் வழக்கில் இதற்கு ஏதேனும் சொல் இருக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓவிய ஆசிரியர், தருமபுரி